காசநோயா, குரோன்ஸா? இரண்டு மாதத்தில் குடலே சொல்லும்

கேள்வி: எனக்கு வயது 31. ஐந்து மாதமாக வலது அடிவயிற்றில் வலி, அவ்வப்போது வயிற்றுப்போக்கு. 8 கிலோ எடை குறைந்துவிட்டது. கொலனோஸ்கோபியில் (ஆசனவாய் வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண் தெரிந்தது. பயாப்ஸியில் எதுவும் உறுதியாகவில்லை. "காசநோயாகவும் இருக்கலாம், குரோன்ஸ் நோயாகவும் இருக்கலாம். முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்கிறார் மருத்துவர். நோய் என்னவென்றே தெரியாமல் மருந்து கொடுப்பது சரியா? வேறு மருத்துவரிடம் போகலாமா?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் உங்கள் மருத்துவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவரை விட்டுவிடாதீர்கள்.

இந்தக் குழப்பம் பழையது. 1932-இல் நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் குரோன்ஸ் நோயை, அதாவது எதிர்ப்புச் சக்தி பிறழ்ந்து குடலில் நாள்பட்ட புண்ணை உண்டாக்கும் நோயை, விவரித்தபோதே, குடல் காசநோயிலிருந்து அதைப் பிரித்துக்காட்ட வேண்டியிருந்தது. இரண்டு நோய்க்கும் பிடித்த இடம் ஒன்றுதான்: சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் வலது அடிவயிறு. பயாப்ஸிக்கு எடுப்பதோ கடுகளவு சதை. அதில் அணுக்கள் கும்பலாகத் திரண்ட முடிச்சுகள் இரண்டு நோயிலும் தெரியும். முடிச்சின் நடுப்பகுதி பாலாடைக்கட்டி போல நைந்திருந்தால் காசநோய் என்று சொல்லிவிடலாம், ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையாது. குடலில் கிருமிகளும் குறைவாகவே இருக்கும் என்பதால், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை பலருக்கு 'இல்லை' என்றே வரும். அதை நம்பி காசநோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

சரி, ஏன் காசநோய் மருந்து முதலில்? குரோன்ஸுக்குத் தரும் ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும். உள்ளே இருப்பது காசநோய் என்றால் அது உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் இந்த வரிசை. இதற்காகக் குரோன்ஸ் நோயாளிக்குக் காசநோய் மருந்து தீங்கில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். வீணாகும் ஒவ்வொரு மாதமும் குடல் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டே போகும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன.

எனவே உங்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: மருந்து தொடங்கி இரண்டாவது மாத முடிவில் மறுபடியும் கொலனோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். காசநோய் என்றால் அதற்குள் புண் பெரும்பாலும் ஆறியிருக்கும். குரோன்ஸ் என்றால் புண் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வலி குறைந்தது, பசி எடுக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. குரோன்ஸ் உள்ளவர்களிலும் சிலருக்குக் காசநோய் மருந்தில் உடம்பு தேறியது போலத் தெரியும். என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவர் 4 கிலோ எடை ஏறியதும், "நல்லாயிட்டேன் டாக்டர், இனி அந்தக் குழாய் வேண்டாம்" என்று போய்விட்டார். எட்டு மாதம் கழித்து வயிறு உப்பி, வாந்தியோடு ஸ்ட்ரெச்சரில் வந்தார். குடல் அடைத்திருந்தது. வெட்டி எடுத்த துண்டைப் பார்த்தபோது குரோன்ஸ். அன்று அவரை உட்கார வைத்து இன்னும் பத்து நிமிடம் பேசியிருக்க வேண்டும் என்று இப்போதும் வருந்துகிறேன்.

புண் ஆறியிருந்தால் பெரும்பாலானவர்களுக்கு மொத்தம் 6 மாத மருந்து போதும். முன்பு 9 மாதம், அதற்கு மேலும் கொடுத்தோம். இரண்டையும் ஒப்பிட்டு இந்தியாவில் நடந்த ஆய்வில் 6 மாதமே நல்ல பலன் தந்தது. நாமாகக் கேட்டுப் பெற்ற பதில் இது, எனக்கு இதில் பெருமை உண்டு.

மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளித்தாலோ, விடாத குமட்டல் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். அது கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். வலிக்கு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். நுரையீரலில் காசநோய் இல்லையென்றால் குடல் காசநோய் வீட்டில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தொற்றாது. மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் இருந்தால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அப்புறம், இரண்டாவது கொலனோஸ்கோபிக்கான தேதியை அடுத்த முறை போகும்போதே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.