கேளுங்க, சொல்றேன்: வாழைமட்டை ஸ்டாம்ப்பும் நெட்டி லேயரும்

தை பொறக்கப் போகுதுன்னாலே நம்ம பக்கம் லெட்டர் குவியும், இந்த தடவை பாதிக்கு மேல கையால செய்யற பொங்கல் வாழ்த்து அட்டை பத்தித்தான். ஒரே மாதிரி கேட்டவங்களை ஒண்ணா சேத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அக்கா, கல்யாணப் பத்திரிகை அடிக்கற பிரஸ்ல கட்டிங் மிச்சம் அட்டை சும்மா குடுத்தாங்கன்னு வாங்கிட்டு வந்து, ஆபீஸ் ஸ்டாம்ப் பேட்ல தொட்டு 20 கார்டு அடிச்சேன். மறுநாள் காலைலயும் தொட்டா கையில மை ஒட்டுது. மழைனாலயா?
வாசகி, பாபநாசம்

மழை மேல பழி போடாதீங்க, குத்தவாளி அட்டைதான். பளபளன்னு இருக்கற பத்திரிகை அட்டைல மேல ஒரு பூச்சு இருக்கும், அது மைய உள்ள விடாது. ஆபீஸ் பேட் மை இருக்கே, அது பேட்லயே காஞ்சிடக் கூடாதுன்னு கிளிசரின் மாதிரி சரக்கு சேத்துதான் பண்றாங்க, அதனால காத்துல சீக்கிரம் காயாது, காகிதம் உறிஞ்சினாத்தான் உண்டு. உறிஞ்சாத அட்டையும் காயாத மையும் சேந்தா உங்க கதைதான். அட்டையோட மூலைல ஒரு சொட்டு தண்ணி வெச்சுப் பாருங்க, முத்தா நின்னா அந்தப் பக்கம் வேண்டாம், உறிஞ்சி கருத்தா அடிங்க. நிறைய அட்டைல பின்பக்கம் சொரசொரன்னுதான் இருக்கும், அதைத் திருப்பிப் போட்டாலே போதும்.

கிராஃப்ட் கடைல மை வாங்கறதா இருந்தா டை இன்க் சீக்கிரம் காயும், பிக்மென்ட் இன்க் காகிதத்து மேலயே உக்காந்து மெதுவா காயும். ஐப்பசி கார்த்திகைல நம்ம ஊர் காகிதமே அப்பளம் நமுத்த மாதிரி கெடக்கும், அப்ப இன்னும் லேட் ஆகும். நானும் ஒரு வருஷம் ராத்திரி 30 கார்டு அடிச்சு அவசரத்துல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்சுட்டுப் படுத்துட்டேன், காலைல பாத்தா எல்லா கார்டோட முதுகுலயும் ஒரு பொங்கல் பானை. கொடி கட்டி கிளிப்ல மாட்டுங்க.

பையன் அஞ்சாவது படிக்கிறான், ஸ்டாம்ப் செட் விலையைக் கேட்டாலே மயக்கம் வருது. வீட்டுல இருக்கறத வெச்சு முடியுமா?
ஒரு அம்மா, கீழ்வேளூர்

வாழைமட்டை இருக்கே! கொல்லைல தார் வெட்டின மரம் கெடந்தா ஒரு மட்டையை உரிச்சு, கூர் கத்தியால ஒரே இழுப்புல குறுக்கால வெட்டுங்க, ரம்பம் மாதிரி அறுத்தா ஓரம் நசுங்கிடும். வெட்டின முகத்தைப் பாருங்க, பிறை மாதிரி வளைஞ்சு உள்ள குட்டிக்குட்டி ஜன்னலா வரிசையா இருக்கும், அந்த டிசைன எந்தக் கடைக்காரனாலயும் குடுக்க முடியாது. ஆனா உடனே மையில தோய்க்காதீங்க, பால் வடியும், அந்தக் கறை அட்டைல பட்டா பழுப்பாயிடும், சட்டைல பட்டா போகவே போகாது. ஒரு அரை மணி நேரம் பழந்துணி மேல கவுத்து வெச்சு, துடைச்சுட்டு அப்பறம் எடுங்க.

கலருக்கு போஸ்டர் கலரை ஸ்பாஞ்சுல ஊத்தி அதுல மட்டையை லேசா ஒத்தணும், கிண்ணத்துல முக்கினா ஜன்னல் எல்லாம் அடைச்சுக்கும். முதல் அடி எப்பவும் பழைய பேப்பர்ல, ரெண்டாவது மூணாவதுதான் கார்டுல. அமுக்கிட்டு ஆட்டக் கூடாது, வெச்சு எடுக்கணும், அவ்ளோதான், பசங்க ஆட்டுவாங்கதான், விடுங்க. அஞ்சு பிறைய வட்டமா அடிச்சா பூ, ரெண்ட எதிரெதிரா அடிச்சா மீன். வெண்டைக்காய வெட்டினா அது தனிப் பூ. மட்டை முகம் கறுத்துப் போனா மெல்லிசா ஒரு வில்லை சீவிட்டா புதுசு.

ஒரே படத்தை மூணு பீஸா பிரிச்சு ஒண்ணு மேல ஒண்ணு அடிக்கற லேயர் ஸ்டாம்ப் வாங்கினேன், தாமரை ஒண்ணு மேல ஒண்ணு உக்கார மாட்டேங்குது.
காலேஜ் மாணவி, மயிலாடுதுறை

முதல்ல வெளிர் கலர், அப்பறம் நடுத்தரம், கடைசில அடர்த்தி, அதுதான் வரிசை. ரெண்டாவது பீஸை முதல்ல ஒரு ட்ரான்ஸ்பரென்ட் ஷீட்ல அடிச்சு, அதைக் கார்டு மேல நகத்திப் பாத்து இடத்தை முடிவு பண்ணிக்கங்கம்மா. அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனா யாருக்கும் தெரியாது, நமக்குத்தான் உறுத்தும்.

ஈர மை மேல தங்கப் பவுடர் தூவி சூட்டுல உருக வெக்கறாங்களே, அந்த தங்க எழுத்து எம்பாஸிங்குக்கு ஹேர் டிரையர் போதுமா?
நாலஞ்சு பேர்

போதாது. பவுடர் உருகற சூடு வரதுக்கு முன்னாடி அதோட காத்து பவுடரை ஊதிடும், அப்பறம் பொன் தூள் சோத்துல கூட வரும். நல்ல சூடு காத்து அடிக்கற ஹீட் கன் இல்லன்னா அயர்ன் பாக்ஸ தட்டு மேல பாக்கற மாதிரி ஆடாம கவுத்து நிறுத்தி கார்டை அதுக்கு மேல படாம பிடிச்சு கீழருந்து சூடு காட்டுங்க, பவுடர் உருகி மினுமினுன்னு மாறற அந்த நொடில எடுத்துடணும். பெரியவங்க மட்டும் பண்ணுங்க.

அம்மா, எங்க காலத்துல தை மாசம் போஸ்ட்மேன் கட்டுக்கட்டா வாழ்த்து கொண்டு வருவார். இப்ப பேத்தியோட சேந்து அட்டை மேல அட்டையா ஒட்டி லேயர் கார்டு பண்றேன், தபால்ல அனுப்பினா தாங்குமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

தாங்கும் சார், எடையத்தான் கவனிக்கணும். சாதா தபால்ல கட்டணத்தோட முதல் படி 20 கிராம் வரைக்கும். 16 ஏ4 சேந்தா ஒரு சதுர மீட்டர், அப்ப 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் இருக்கற அட்டைல ஏ4 ஒண்ணே கிட்டத்தட்ட 19 கிராம், கவர் சேத்தா தாண்டிடும். ஏ4ஐப் பாதியா வெட்டி மடிங்க, 148க்கு 105 மில்லி வரும். மேல ஒட்டற முதல் லேயர் 140க்கு 97, அடுத்தது 134க்கு 91, சுத்தி மூணு நாலு மில்லி தெரியணும், புடவை பார்டர் மாதிரி. மடிக்கற இடத்துல ரீஃபில் தீந்த பேனாவால கோடு இழுத்துட்டு மடிச்சா வெடிக்காது. லேயருக்கு டபுள் சைட் டேப்தான், பசை தண்ணியா இருந்தா அட்டை வளைஞ்சுக்கும்.

தூக்கலா நிக்கற லேயருக்கு எல்லாரும் ஃபோம் டேப் வாங்கறாங்க, எனக்கு அதுல இஷ்டமில்ல. நம்ம டெல்டாவுல நெட்டி இருக்கு சார், குளத்துல விளையற தக்கை, மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுவோமே அதேதான். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020ல புவிசார் குறியீடே குடுத்துருக்காங்க. புது பிளேடால ரெண்டு மில்லி வில்லையா சீவி பானைப் படத்துக்கு அடில ஒட்டினா பூ மாதிரி லேசா நிக்கும், எடையே ஏறாது. பொங்கலுக்கு முன்னாடியே போய்ச் சேரணுமே, அதனால போன வருஷம் பரண்ல போட்ட மாலை இருந்தா அதை எடுத்துக்கங்க, மாடு மென்ன மாலை வேண்டாம்.

ஒண்ணு மட்டும், கவருக்குள்ள போட்டா வலது மேல் மூலைக்கு நேரா நெட்டி வரக் கூடாது. ஸ்டாம்ப் ஒட்டற இடம் அது, தபாலாபீஸ்ல முத்திரைய ஓங்கிக் குத்தறப்ப பானை நசுங்கிடும். பானைய இடது பக்கம் கீழ வைங்க, மேல வேணும்னா பேத்தி கைப்பட ரெண்டு வரி எழுதட்டும்.