சாறி தெரியாத சாறிப் படம்

அக்கா, சாறிக் கடை விளம்பரத்துக்கு உங்கள் மகள் எடுத்ததென்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். திருகோணமலை டச்பே கடற்கரை, விடியப்புறம், முதுகைக் காட்டிக்கொண்டு போகிற ஒரு பெண், மணலில் ஒற்றைச் செருப்பு. சாறிக் கடைக்காரர் "இதென்ன செத்தவீட்டுப் படமா" என்று கேட்டுக் காசும் தராமல் விட்டதில், பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். பிசகவில்லை. ஆனால் கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

பிரான்சில் கீ பூர்தான் என்றொரு படப்பிடிப்பாளர் இருந்தார். ஷார்ல் ஜூர்தான் சப்பாத்துக்கு 1975இல் அவர் எடுத்த விளம்பரத்தில் ஆளே இல்லை. வெண்கட்டியால் தரையில் கீறிய உடம்பின் கோடு, ஒரு கார், சிதறிக் கிடக்கிற சப்பாத்து, அவ்வளவுதான். யார் செத்தது, யார் செய்தது, ஒன்றும் தெரியாது, அதனாலேயே பக்கத்தைப் புரட்ட மனம் வராது. ஆனால் கவனியுங்கள், சப்பாத்து மட்டும் பளிச்சென்று தெரியும்! உங்கள் மகள் கதையை நன்றாகத்தான் ஒளித்திருக்கிறாள், கூடவே சாறியையும் இருட்டுக்குள் ஒளித்துவிட்டாள். இது பழகினால் திருந்துகிற பிழை. படத்துக்குள் ஒரு கேள்வியை வைக்கிற கண் இருக்கிறதே, அது எல்லாருக்கும் வாய்க்காது, நான் பார்த்த முக்கால்வாசிப் பிள்ளைகளிடம் அது இல்லை.

சரி, இனிப் படிப்பு. உயர்தரப் பரீட்சையை முடிக்கட்டும், அதில் பேச்சே இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி கம்பஸிலேயே தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம். உடுப்பு வடிவமைப்புப் பக்கம் மனம் போனால் மொரட்டுவைப் பல்கலைக்கழகம், அதற்கு உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். பெஷன் படத்தை மட்டும் நம்பித் திருகோணமலையில் சீவிக்க முடியாது, உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று யாராவது ஒருவருக்கு உதவியாளாகப் போய் வெளிச்சம் பழகட்டும், கைச்செலவுக்கும் ஆகும். நகையை அடகு வைத்துப் புதுக் கமரா வாங்காதீர்கள், இருக்கிறதே போதும்.

இப்போதைக்கு ஒரு வேலை. பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திரிகிற இடத்தில், பின்னேர வெயிலில் அதே படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்: சாறியின் கரை, முந்தானை எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும், அந்தப் பெண் எதைப் பார்த்து நின்றுவிட்டாள் என்பது மட்டும் தெரியக் கூடாது. கடைக்காரர் சாறியை இன்னொரு தரம் இரவல் தரமாட்டார் என்றால், அலுமாரியில் உங்கள் கூறைச் சாறி இருக்கும்தானே?