பில் போட்ட நேரமும் கோட் போன நேரமும்

கேள்வி: மதுரையில் ஒரு கடையில் 4,999 ரூபாய்க்கு வீடியோ கேம் பாக்ஸ் வாங்கினேன். உள்ளே டிஸ்க் இல்லை, கேமை இறக்கிக்கொள்வதற்கான டவுன்லோட் கோட் எண் உள்ள சுரண்டல் அட்டை மட்டும்தான். இரவு கேம் கன்சோலில் அந்த எண்ணைப் போட்டால் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வருகிறது. கடைக்காரர் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார், கம்பெனி கடையைக் கேட்கச் சொல்கிறது. கடைசியாக, இதற்குப் பதிலாக 3,500 ரூபாய் மதிப்புள்ள வேறு கேம் எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரர் சொன்னார். 2 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்று பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டேன். டிஸ்க் இல்லாத ஏமாற்றம், மறுநாளே அதே கேம் டிஜிட்டலில் தள்ளுபடிக்கு வந்த வயிற்றெரிச்சல், விளையாடிவிட்டு விற்றுவிடலாம் என்ற கணக்கு தப்பியது, ‘நெட்லயே வாங்கியிருக்கலாமே’ என்று கடைக்காரர் சொன்ன சொல், இவை எதற்கும் வழக்கில் இடமில்லை. நீங்கள் அனுப்பிய படத்திலேயே பாக்ஸின் பின்பக்கம் ‘டிஸ்க் இல்லை’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பொடி எழுத்துதான், ஆனாலும் இருக்கிறது. டிஸ்க் கையில் இருந்தால் கவலையில்லை என்று நினைப்பதும் சரியில்லை. யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி 2024 மார்ச் 31-ல் ‘தி க்ரூ’ கேம் ஓடத் தேவையான சர்வரை நிறுத்தியபோது டிஸ்க் வைத்திருந்தவர்களும் விளையாட முடியாமல் போனார்கள்.

இரண்டாம் பக்கக் கடைசி வரியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘கடை வாசலிலேயே சுரண்டி, ஃபோட்டோ எடுத்து நண்பர்கள் குரூப்பில் போட்டேன்.’ பில்லில் நேரம் மாலை 6.52. குரூப்பில் போட்டது 7.10. கன்சோல் அப்டேட் முடிந்து கோட் எண்ணை நீங்கள் அடித்தபோது மணி 10 தாண்டிவிட்டது. இந்த மூன்று மணி நேரம்தான் உங்கள் வழக்கு.

6.52-க்கு முன்பே அந்த எண் பயன்பட்டிருந்தால் கடைக்காரர் உங்களிடம் கொடுத்தது செல்லாக்காசு. குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47) சொல்கிறது. காசு வாங்கியவர் அவர், கம்பெனியைக் கை காட்டித் தப்ப முடியாது. ஆனால் 7.10-க்குப் பிறகு பயன்பட்டிருந்தால்? அந்தக் குரூப்பில் 86 பேர். ‘எல்லாரும் நல்ல பசங்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சாட்சியம் ஆகாது. யாரோ ஒருவர் எடுத்துப் போட்டுக்கொண்டார் என்றுதான் நுகர்வோர் ஆணையம் பார்க்கும். அப்போது உங்களுக்கு வழக்கே இல்லை.

ஆகவே முதல் வேலை, கம்பெனியின் சப்போர்ட்டுக்கு மெயில் அனுப்புவது. அட்டை, பில் இரண்டின் படத்தையும் இணைத்து, இந்த எண் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் பயன்பட்டது என்று மட்டும் கேளுங்கள். யார் பயன்படுத்தினார் என்று கேட்டால் தனியுரிமையைக் காட்டி மொத்தமாகவே மறுப்பார்கள். பதிலில் வரும் நேரம் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். பல சர்வர்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் ஓடும், நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதலாகக் காட்டும். உங்கள் 6.52 அங்கே 13.22.

அந்தப் பதில் வரும்வரை நோட்டீஸ் வேண்டாம். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் விழுகிற குழி இது. கோபத்தில் ஒரு நோட்டீஸ் போகும், அதில் ‘வீட்டுக்குப் போய்த்தான் பிரித்தேன்’ என்று ஒரு வரி இருக்கும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடப்பதே பிரமாண வாக்குமூலத்தின் மேல். எதிர்த்தரப்பு அந்த வாட்ஸ்அப் படத்தை நீட்டினால், நீங்கள் சொன்ன உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். குரூப்பில் இருக்கும் படத்தை அழிக்கவும் கூடாது. உங்கள் போனில் அழித்தாலும் 86 பேரில் ஒருவரிடம் இருக்கும்.

அப்புறம் அந்த 2 லட்சம். யூடியூப் சேனலில் போட முடியாமல் வருமானம் போனதாகக் கணக்குக் காட்டியிருக்கிறீர்கள். இதை மனுவில் எழுதினால், வணிக நோக்கத்துக்கு வாங்கினேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகும். வணிக நோக்கத்தில் வாங்குபவர் பிரிவு 2(7)-இன்படி நுகர்வோரே இல்லை. பிழைப்புக்கான சுயதொழில் என்றால் விலக்கு உண்டு, ஆனால் நீங்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறீர்கள், அதற்குள் நுழைவது கஷ்டம். பெரிய தொகை கேட்கப்போய், கையில் இருக்கும் 4,999-ஐயும் இழந்துவிடாதீர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை உங்கள் இன்ஸ்டாகிராம் பதிவு. கடைப் படம், கடைக்காரர் பெயர், மேலே ‘திருடன்’ என்ற சொல். எண் பயன்பட்ட நேரம் 7.10-க்குப் பிறகு என்று வந்தால் அவர் கையில் அவதூறு வழக்கு தயார். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 356-இல் 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கேம் வாங்கப் போன பிள்ளை குற்றவியல் கோர்ட் வாசலில் நிற்பதைப் பார்க்க எனக்கு மனமில்லை. அந்தப் பதிவை இன்றே எடுத்துவிடுங்கள்.

நேராகவே சொல்கிறேன், சமரசம் பேசுங்கள். ‘ஒரு வாரம் டைம் கொடுங்கண்ணே’ என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கம்பெனி சொல்லும் நேரம் 6.52-க்கு முந்தியது என்றால், மெயிலைக் காட்டி முழு 4,999 கேளுங்கள். அந்த அட்டையை மேலே உள்ள டிஸ்ட்ரிப்யூட்டரிடம் அவரும் திருப்பிக் கேட்கலாம். நேரம் பிந்தியது என்றாலோ, பதிலே வராவிட்டாலோ, 3,500 கேமை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மீதி 1,499-க்காக வேலையை விட்டுவிட்டு வாய்தா வாய்தாவாக அலைவதில் லாபமில்லை. மெயிலுக்குப் பதில் வருவதற்கு முன் மட்டும் ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் பில் தெர்மல் தாள், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். அந்த 6.52 தெளிவாகத் தெரியும்போதே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, அட்டையோடு சேர்த்து வையுங்கள்.