டெக்சஸ் பொது நிலத்தில் வேட்டை: வாசகர் கேள்வி-பதில்

கே: எச்-1பி விசாவில் ஹூஸ்டனில் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் அரசின் காட்டுயிர் மேலாண்மை நிலத்துக்கு மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். நான் துப்பாக்கியைத் தொடலாமா?

ப: லைசன்ஸ் கைக்கு வந்த பிறகு தொடலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பலர் கோட்டை விடுவது தேதியில்தான். டெக்சஸின் ஆண்டு லைசன்ஸை எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-இல் முடிந்துவிடும். சொந்தத் துப்பாக்கியை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் புதுப்பிக்க மறந்தவர், செப்டம்பர் 1 அன்று வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே குற்றவாளி ஆகிவிடுவார்.

ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சஸில் வசித்தவருக்கு லைசன்ஸ் 25 டாலர், வெளி மாநிலத்தவருக்கு 315. பொது நிலத்தில் வேட்டையாட 48 டாலர் ஆண்டு பெர்மிட் தனியாக வேண்டும். 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றும் வைத்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் பயிற்சியை ஆன்லைனிலேயே முடித்துவிடலாம்.

கே: வேட்டை வேண்டாம், பறவை பார்க்க மட்டும் குடும்பத்தோடு போகலாமா?

ப: தாராளமாக. பெரியவர்களுக்கு 12 டாலர் பெர்மிட் போதும். ஆனால் துப்பாக்கி வேட்டை நடக்கும் நாளில் பகலில் உள்ளே நடமாடும் எல்லோரும், பைனாகுலரோடு வந்தவர் உட்பட, பளீர் ஆரஞ்சு அணிய வேண்டும். மொத்தம் 400 சதுர அங்குலம். அதில் மார்பில் 144, முதுகில் 144 வெளியே தெரிய வேண்டும். ஆரஞ்சுத் தொப்பியும் கட்டாயம். பலர் சரியான மேலங்கியைப் போட்டுக்கொண்டு அதன்மேல் பச்சை முதுகுப்பையை மாட்டுகிறார்கள். முதுகு மறைந்தால் போட்டும் பயனில்லை. பையின்மேல் ஆரஞ்சு உறை போடுங்கள். குலுக்கலில் தேர்வானவர்களுக்கு மட்டுமான வேட்டை நடக்கும் நாள்களில் மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. கிளம்புமுன் நிலவரைபடக் கையேட்டில் தேதியைப் பாருங்கள்.

கே: புறா வேட்டைக்கு ஷாட்கன்னில் கட்டை போட வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

ப: புறா போன்ற வலசைப் பறவைகளைச் சுடும் ஷாட்கன்னில் (ரவைத் துப்பாக்கி) மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக் கூடாது. அதற்காகத் தோட்டாக் குழாய்க்குள் செருகும் ஒரே துண்டுக் குச்சிதான் அந்தக் கட்டை. துப்பாக்கியைப் பிரிக்காமல் எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும். சுத்தம் செய்யக் கழற்றியவர்கள் திரும்பப் போட மறந்துவிடுவார்கள். போலித் தோட்டாக்களை ஏற்றிப் பாருங்கள்: சுடும் அறையில் (சேம்பர்) ஒன்று, குழாயில் இரண்டு. அதற்குமேல் ஒன்று நுழைந்தாலும் காட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். வாத்து என்றால் ஈய ரவை கூடாது. இரும்பு ரவை வாங்குங்கள்.

கே: மான் விழுந்தவுடன் முதல் வேலை என்ன?

ப: உயிர் போய்விட்டதா என்று பார்த்த கையோடு மானில் டேக், அதாவது அடையாளச் சீட்டு, கட்டுவது. லைசன்ஸோடு வரும் காகித டேக்கில் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். பேனாவால் வட்டம் போட்டால் செல்லாது. அதனால் சட்டைப் பையில் சிறு கத்தி, கட்டுவதற்கு நூல், டேக்கை நனையாமல் போட ஒரு ஜிப் கவர் இருக்கட்டும். போட்டோ எடுப்பது, இழுத்து வருவதெல்லாம் பிறகு. பொது நிலத்துக்குள் நுழையும்போது நிரப்பிய பதிவுச் சீட்டில், திரும்பும்போது என்ன கிடைத்தது என்றும் எழுத வேண்டும், எதுவும் கிடைக்காவிட்டாலும்தான்.

கே: மிஞ்சிய மான்கறியை விற்கலாமா?

ப: கூடாது. சும்மா கொடுக்கலாம். வழியில் கை மாற்றுவதானால் வேட்டையாடியவர் பெயர், கையெழுத்து, முகவரி, லைசன்ஸ் எண், வாங்குபவர் பெயர், என்ன கறி, எந்தத் தேதியில் எங்கே சுட்டது என்பதை எழுதிய ஒரு தாளைக் கறியோடு சேர்த்துக் கொடுங்கள்.