எவர்சில்வர் கரண்டி போதுமா? ஹைட்ரஜன் கேள்வி-பதில்

கேள்வி: உப்புத் தண்ணீரில் இரண்டு எவர்சில்வர் கரண்டியை வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் ஹைட்ரஜன் எடுத்தோம் சார். தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கி, ஏதோ வாடை வருகிறது. ஏன்? (பள்ளி மாணவி, கும்பகோணம்)

பதில்: முதலில் ஜன்னலைத் திறம்மா. அது குளோரின் வாடை. உப்பிலுள்ள குளோரைடு நேர்முனையில் வாயுவாகிறது. கலங்கல், கரண்டியே கரைந்து வந்தது: இரும்பு, நிக்கல், குரோமியம். குரோமியம் நச்சு வடிவமும் எடுக்கக்கூடியது. வாய்க்காலில் கொட்டாதே, வேதியியல் ஆசிரியரிடம் கொடு. அடுத்த முறை சலவைச் சோடா கரைசல், இரண்டு பென்சில் கரி போதும். எந்தப் பக்கம் குமிழி இரண்டு பங்கு வருகிறதோ அதுதான் ஹைட்ரஜன். மூடிய பாட்டிலில் மட்டும் பிடிக்காதே, தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

கேள்வி: தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க, பிளாட்டினம், இரிடியம் மாதிரி விலையுயர்ந்த உலோக வினையூக்கிகள் இல்லாமல் முடியாதா? (பொறியியல் மாணவர், திருவாரூர்)

பதில்: முடியும், நெடுநாளாக நடக்கிறது. தண்ணீரைப் பிரிக்கக் கணக்குப்படி 1.23 வோல்ட் போதும்; நடைமுறையில் 1.8, 2 என்று போகிறது. மேட்டூரில் விட்டதெல்லாம் கடைமடைக்கு வந்துவிடுகிறதா? அந்த இழப்பைக் குறைக்கத் தூர்வாருகிற ஆள்தான் வினையூக்கி. ஹைட்ரஜன் பக்கம் வேலை லேசு, ஆக்சிஜன் பக்கம்தான் மல்லுக்கட்டு. அங்கே, காரக் கரைசலில், நிக்கலோடு கொஞ்சம் இரும்பு சேர்ந்தால் பிரமாதம். நிக்கல் நாளாக நாளாகத் தானே தேறுகிறது என்று நினைத்திருந்தார்கள். பார்த்தால், பொட்டாஷ் காரத்தில் அழுக்காகக் கிடந்த துளி இரும்பின் கைவேலை அது! எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த கதை. அமில வகைக் கருவியில் மட்டும் நிக்கல் கரைந்துவிடும், அங்கே இரிடியம்தான். உலகம் முழுக்க வருஷத்துக்கு 10 டன்கூட எடுப்பதில்லை, விலையைக் கேட்கவா வேண்டும்.

கேள்வி: எங்கள் மில் உமிச் சாம்பல் வினையூக்கி ஆகுமா? (மன்னார்குடி)

பதில்: ஆகாது. பெரும்பாலும் சிலிக்கா, மின்சாரம் பாயாது. காற்றுப் படாமல் உமியைக் கரியாக்கிப் பக்குவம் செய்தால், நிக்கலைத் தாங்கும் தளமாக உதவலாம்.

கேள்வி: பம்ப்செட் சோலாரில் ஹைட்ரஜன் எடுத்தால் லாபமா? (விவசாயி, திருத்துறைப்பூண்டி)

பதில்: ஒரு கிலோவுக்குப் பிரிவது 9 லிட்டர் தண்ணீர்தான், ஆனால் 50 யூனிட்டுக்கு மேல் கரண்ட். வினையூக்கியை இனாமாகவே கொடுத்தாலும் அந்தச் செலவு போகாது. அப்புறம் அழுத்திச் சேமிக்கும் செலவு வேறு. மோட்டாரையே ஓட்டுங்கள் ஐயா.