லாரியில் வந்த நீர்மூழ்கி: கேள்வி–பதில்

2025 செப்டம்பரில் பெய்ஜிங் அணிவகுப்பில் வந்த சீனாவின் ஆளில்லா நீர்மூழ்கி ஏ.ஜே.எக்ஸ். 002 எதற்கு? (மதுரை)

கடற்கண்ணிவெடி விதைக்க என்பது பலருடைய ஊகம், என்னுடையதும் அதுவே. இருபது மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உடல். எதிரித் துறைமுக வாயிலில் கண்ணிகளைப் போட்டுவிட்டுத் திரும்ப மாலுமி எதற்கு? பிடிபட்டாலும் கைதி கிடையாது. ஆனால் லாரியில் வந்ததெல்லாம் கடலில் ஓடுகிறது என்று பொருளல்ல. 2019-இல் இதேபோல் ஆளில்லா எச்.எஸ்.யு. 001 ஊர்வலம் வந்தபோதும் இதையேதான் சொன்னேன்.

கரையிலிருந்து ரிமோட்டில் இயக்குவார்களா? (சேலம்)

மாட்டார்கள். கடல்நீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். ஒலியில் பேசலாம், ஆனால் அது எதிரிக்கும் கேட்கும். புறப்படும்போதே வேலையைச் சொல்லி அனுப்புவதுதான் வழி.

இந்தோனேசிய மீனவர் பிடித்த சீனத் 'தாக்குதல் டிரோன்' எத்தனை கப்பல்களை மூழ்கடிக்கும்? (திருச்சி)

ஒன்றைக்கூட மூழ்கடிக்காது. தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கடிதம் எழுதாதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது! 2020 டிசம்பரில் சலாயர் தீவருகே சிக்கியது இரண்டே கால் மீட்டர் நீளமுள்ள கருவி. தோற்றத்தில் சீனாவின் 'ஹாய்யி' கிளைடரை ஒத்திருந்தது. கிளைடருக்கு உந்துவிசிறி இல்லை, வெடிமருந்தும் இல்லை. மிதப்பைக் கூட்டியும் குறைத்தும், இறக்கையால் சரிந்து சரிந்து நகரும். நாம் நடக்கும் வேகம்கூட வராது. அது அளப்பது வெப்பம், உப்பு, ஆழம். கவலைப்பட வேண்டியது அங்கேதான். இந்த எண்கள் கையில் இருந்தால் நீருக்குள் ஒலி எப்படி வளையும், எந்த அடுக்கின் கீழே நீர்மூழ்கி பதுங்கலாம், சோனார் (ஒலியால் நீருக்குள் தேடும் கருவி) எவ்வளவு தூரம் கேட்கும் என்று கணக்கிடலாம். பருவமழையை ஆராய்பவருக்கும் இதே எண்கள்தான் வேண்டும். அதனால் உளவா, ஆய்வா என்று கருவியைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலில் சீன ஆய்வுக் கப்பல் 12 ஹாய்யிகளை இறக்கியதும் ஆய்வின் பெயரில்தான். சீனா மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2016-இல் பிலிப்பைன்ஸின் சுபிக் விரிகுடாவுக்கு அப்பால் சீனர்கள் அள்ளிக்கொண்டு போய், ஐந்தாறு நாளில் திருப்பித் தந்தது அமெரிக்காவின் கிளைடர்.

ஆளில்லா நீர்மூழ்கி எதிரியின் அணு நீர்மூழ்கியைத் துரத்துமா? (நெல்லை)

பேட்டரியில் ஓடுவது 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) வேகத்தைத் துரத்தினால் விரைவிலேயே படுத்துவிடும். வழியில் காத்திருந்து கேட்கலாம்.

'கடல் டிரோன்' பற்றி முழு விவரமும் அனுப்பவும். (ஊர் எழுதவில்லை)

எந்தக் கடல், எந்த டிரோன்?