டி குழாயில் ஏ மேஜர்

அன்புள்ள ஐயா,

பீத்தோவனின் ஏழாவது சிம்பொனியை ஸ்கோரை (அச்சிட்ட இசைக் குறிப்பை) வைத்துக்கொண்டு கேட்டேன். சிம்பொனி ஏ மேஜர், அதாவது ஏ என்ற ஸ்வரம்தான் ஆதாரம். டிரம்பெட்டுக்கு மட்டும் 'டி' என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிழை இல்லை. அந்தச் சிம்பொனி அரங்கேறிய 1813-இல் ஆர்கெஸ்ட்ரா டிரம்பெட்டுக்கு வால்வு (விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றும் அமைப்பு) கிடையாது. வால்வுக்குக் காப்புரிமை வாங்கியதே 1818-இல்தான். அணிவகுப்பில் ஊதும் பியூகிள் போல வெறும் குழாய். ஸ்வரத்தை மாற்றுவது உதடுதான். டி டிரம்பெட் என்றால் டி-யை ஆதார ஸ்வரமாகக் கொண்ட சுமார் ஏழு அடிக் குழாய். கீழே டி, ஏ, எஃப் ஷார்ப் மட்டும் வரும். மேலே போகப் போகத்தான் ஸ்வரங்கள் நெருங்கும். இ என்ற ஸ்வரம் அங்கேதான் கிடைக்கும்.

அன்றைக்கு டிரம்பெட் பெரும்பாலும் சி அல்லது டி. அதனால் மொட்சார்ட் ஏ மேஜரில் எழுதிய 29-ஆம் சிம்பொனியில் டிரம்பெட்டே இல்லை. ஓபோ, ஹார்ன், தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். பீத்தோவன் விடவில்லை. ஏ மேஜரின் ஆதாரம் ஏ, பஞ்சமம் இ. இரண்டும் டி குழாயில் உண்டு. இடையிலுள்ள சி ஷார்ப் எளிதில் எட்டாத உயரத்தில் இருக்கிறது, அதை மற்றவர்கள் வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டார். மூன்றாம் பகுதியின் நடுவே இசை டி மேஜருக்கு வரும் இடத்தைத் திரும்பக் கேளுங்கள். டிரம்பெட்டுகள் அந்த ஏ-யை உரக்கப் பிடித்து நிற்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஐந்தாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியும் இப்படித்தான். அது ஏ பிளாட் மேஜர், டிரம்பெட்டோ சி. அதனால் இசை சி மேஜருக்குத் தாவும் இடங்களில்தான் அவை முழுக் குரலில் முழங்குகின்றன. குழாயின் எல்லையே இசையின் வடிவமாகிவிட்டது. வால்வு இருந்திருந்தால் இந்த இடம் இப்படி அமைந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம், வழக்கத்துக்கு மாறான சுருதிகள் பீத்தோவனுக்கு முந்தைய இசையமைப்பாளர் பாக்கின் (Bach) படைப்புகளிலேயே உண்டு. 1721-இல் அவர் அர்ப்பணித்த பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்களில் (தனி வாத்தியங்களும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) இரண்டாவதற்கு எஃப் டிரம்பெட் வேண்டும். 1723-இல் இ பிளாட்டில் எழுதிய மாக்னிஃபிகாட் என்ற தேவாலயப் பாடல் படைப்பைப் பிறகு அவரே டி-க்கு மாற்றினார்.

எனக்குப் பிடித்தது ஹும்மெல் 1803-இல் எழுதிய டிரம்பெட் கான்செர்ட்டோ. வைடிங்கர் என்ற டிரம்பெட் கலைஞரின் சாவி வைத்த (குழாயிலுள்ள துளைகளைத் திறந்து மூடும் விசைகள் கொண்ட) டிரம்பெட்டுக்காக எழுதியது, இ மேஜர். இன்று பலர் வசதிக்காக இ பிளாட்டில் வாசிக்கிறார்கள். நீங்கள் இ மேஜரில் வாசித்த பதிவைத் தேடிக் கேளுங்கள்.